பழைய பாணிக் குரோனோகிராப் வாங்குவது: எந்த இயந்திரம், யார் கையில் பழுதுபார்ப்பது?

ரோஸ் ஹில் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை பேட்டரியில் ஓடும் சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் கட்டிவந்த நான், 1940களிலிருந்து 1960கள் வரை வழக்கில் இருந்த பாணியில் ஒரு குரோனோகிராப், அதாவது கழியும் நேரத்தைத் தொடங்கி நிறுத்தி அளக்கும் கைக்கடிகாரம், வாங்க விரும்புகிறேன். முகப்புக்குள் இரண்டு சிறுவட்டங்கள், பக்கவாட்டில் சாவிக்கு மேலும் கீழும் இரண்டு பொத்தான்கள், குமிழ்ந்த கண்ணாடி, தோல் பட்டை ஆகியவை இருந்தால் போதும். எங்கள் வீட்டில் ஷான் தெ மார்ஸ் திடலுக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போகும் வழக்கம் தலைமுறைகளாக உண்டு. எங்கள் மொரிசியஸின் தலைநகரான போர்ட் லூயியில் அந்தத் திடல் 1812இல் தொடங்கியது. பாரிஸில் அதே பெயருடைய திடலில், 1821ஆம் ஆண்டு நிக்கோலா ரியூசெக் என்ற கடிகாரக் கலைஞர், சுழலும் தட்டின் மீது மைப்புள்ளி வைக்கும் ஒரு கருவியால் பந்தயக் குதிரைகளின் நேரத்தை அளந்து காட்டினார் என்று படித்த நாளிலிருந்து, நேரத்தைக் காட்டுவதோடு நில்லாமல் அதை அளக்கவும் செய்யும் கடிகாரம் ஒன்று என் கையில் இருக்க வேண்டும் என்ற ஆசை வளர்ந்துவிட்டது.

என் முன்னால் மூன்று வழிகள் தெரிகின்றன. 1950களைச் சேர்ந்த ஒரு சுவிஸ் கடிகாரத்தை இணையச் சந்தையில் வாங்கலாம். விற்பனைக்கு வருபவற்றில் லாண்டெரான் 48 என்ற இயந்திரம் உள்ளவைதான் என் கைக்கு எட்டும் விலையில் இருக்கின்றன. இரண்டாவது, சீனாவின் சீகல் நிறுவன இயந்திரத்தோடு வரும் ‘1963’ என்ற மறுபதிப்பு. மூன்றாவது, பழைய தோற்றத்தில் பேட்டரியோடு வரும் மெக்காகுவார்ட்ஸ் வகை. ஒரு நல்ல கைபேசியின் விலைக்கு மேல் என்னால் போக இயலாது. மொரிசியஸில் இருந்துகொண்டு இவற்றுள் எதை வாங்குவது அறிவுடைமை என்று, கடிகாரங்களை அன்றாடம் பயன்படுத்துவோரும் பழுதுபார்ப்போரும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


டர்பன் சேகரிப்பாளர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் தயக்கமின்றிப் பழையதையே பரிந்துரைப்பேன். மறுபதிப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது ஒரு காலத்தின் தோற்றத்தை மட்டுமே தருகிறது. பழைய கடிகாரம் அந்தக் காலத்தின் வேலைப்பாட்டையே தருகிறது. லாண்டெரான் 48 இயந்திரம் 1937 முதல் பல இலட்சக் கணக்கில் செய்யப்பட்டது. பெயர் தெரியாத எத்தனையோ சிறு நிறுவனங்கள் அதை வாங்கித் தம் முகப்பைப் பொருத்தி விற்றன. ஆகவே, புகழ்பெற்ற பெயருக்காக நாம் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இயந்திரத்துக்கும் முகப்பின் நிலைக்கும் மட்டுமே கொடுக்கிறோம்.

வால்ஜூ 72 வேண்டும் என்று மட்டும் ஆசைப்படாதீர்கள். 1938இல் வந்த அந்த மூன்று வட்ட இயந்திரம் மிகச் சிறந்ததுதான். ஆனால் ரோலெக்ஸ் நிறுவனத்தின் டேடோனா கடிகாரங்கள் 1963 முதல் 1980களின் இறுதி வரை அதன் வழிவந்த இயந்திரங்களையே கொண்டிருந்தன. அமெரிக்க நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த டேடோனா 2017இல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோன பிறகு, அந்த இயந்திரம் உள்ள சாதாரணக் கடிகாரங்களின் விலையும் ஏறிவிட்டது. ஆகவே லாண்டெரானைப் பாருங்கள், அல்லது 1970களின் வால்ஜூ 7733ஐப் பாருங்கள். பின்னது அழகில் ஒரு படி குறைவு என்றாலும் உழைப்பில் குறைவில்லை.

வாங்கும்போது முகப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மறுபடியும் பூச்சுப் பூசி அச்சிட்ட முகப்பில் எழுத்துகள் சற்றுத் தடித்திருக்கும். சிறுவட்டங்களின் கோடுகள் மையம் விலகியிருக்கும். 6 மணிக்குக் கீழே இருக்க வேண்டிய ‘சுவிஸ்’ என்ற சிறிய எழுத்து காணாமற்போயிருக்கும், அல்லது சட்டத்துக்குள் பாதி மறைந்திருக்கும். முகப்பின் ஒளிப்பூச்சு ஒரு நிறமாகவும் முட்களின் ஒளிப்பூச்சு வேறு நிறமாகவும் இருந்தால், இரண்டும் ஒன்றாகப் பிறந்தவையல்ல என்று கொள்ளலாம். நேர்மையாக மங்கிய முகப்பு, புதிதாகப் பூசிய முகப்பை விடப் பல மடங்கு மேலானது.


போர்ட் லூயி பழுதுபார்ப்பவர்:

இருவருக்கும் வணக்கம். டர்பன் நண்பர் முகப்பைப் பற்றிச் சொன்னவை எல்லாம் சரி. ஆனால் நான் கடிகாரத்தைப் பின்பக்கமாகத் திறந்து பார்த்தே வாழ்ந்தவன். என் கேள்வி வேறு இடத்தில் தொடங்குகிறது: இந்தக் கடிகாரம் நின்றுபோகும் நாளில் அதை யார் திறப்பார்?

நம் தீவில் கடிகார வேலை புதிதல்ல. 1965இல் இங்கே தொடங்கப்பட்ட மைக்ரோ ஜுவல்ஸ் தொழிற்சாலை, கடிகாரங்களுக்கான செயற்கை மாணிக்கக் கற்களில் வேலை செய்து ஏற்றுமதி செய்தது. 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வருவதற்கு முன்பே அந்தத் தொழில் காலூன்றிவிட்டது. ‘17 கல்’ என்று முகப்பில் அச்சிட்டிருப்பதை அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். இரும்பு அச்சு பித்தளையில் சுழன்றால் துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிடும். கல்லில் சுழன்றால் தேயாது, எண்ணெயும் அங்கேயே நிற்கும். கண்ணுக்கே சிரமமான அந்தக் கல்லில் வேலை செய்யக் கூடிய கைகள் நம்மிடையே இருந்தன. ஆயினும் கல்லில் வேலை செய்வது வேறு, குரோனோகிராபைப் பிரித்துச் சேர்ப்பது வேறு. பின்னதைச் செய்யக் கூடியவர்கள் நம் ஊரில் மிகச் சிலரே; அவர்களும் முதியவர்கள். பேட்டரி மாற்றும் கடைகளிடம் இதைக் கொடுக்கக் கூடாது.

குரோனோகிராபுக்கு ஏன் தனிக் கை வேண்டும் என்பதை விளக்குகிறேன். சாதாரண இயந்திரத்தின் மேல் இன்னொரு தளம் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேல் பொத்தானை அழுத்தியதும், ஓடிக்கொண்டிருக்கும் நொடிச் சக்கரத்தோடு ஒரு சிறு இடைச்சக்கரம் வந்து பல்லோடு பல் சேர்கிறது. நடு முள் ஓடத் தொடங்குகிறது. ஓடும் பேருந்தில் ஏறுகிறவர் ஓர் அடி தடுமாறுவதைப் போல, அந்த முள் தொடங்கும்போது சிறிது துள்ளலாம். பழைய அமைப்பில் அது குற்றமல்ல. நிறுத்திய பிறகு கீழ்ப் பொத்தானை அழுத்தினால் முட்கள் பூச்சியத்துக்குத் திரும்ப வேண்டும். இதற்காக அச்சில் இதய வடிவில் ஒரு சிறு தகடு இருக்கிறது. அடோல்ப் நிக்கோல் 1844இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. தட்டையான முனையுடைய சுத்தியல் ஒன்று அந்தத் தகட்டின் மேல் விழுகிறது. தகடு எந்தக் கோணத்தில் நின்றிருந்தாலும் சுத்தியலின் அழுத்தத்தில் வழுக்கிச் சுழன்று, அதன் இரண்டு தோள்களும் சுத்தியலின் முகத்தில் ஒருசேர அமரும் நிலையில்தான் நிற்கும். நொடி முள் எங்கிருந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் 12க்கு வந்துவிடுவது இதனால்தான். சுத்தியலின் முகம் ஒரு மயிரிழை தேய்ந்திருந்தாலோ, யாரேனும் அதை அரத்தால் தேய்த்திருந்தாலோ, நொடி முள் சரியாக நிற்கும்போது நிமிட முள் ஆடும். நிமிட முள் சரியாக நிற்கும்போது நொடி முள் ஆடும். இணையத்தில் வரும் பழைய கடிகாரங்களில் நான் அதிகமாகக் கண்ட குறை இதுதான்.

இன்னொன்று, உதிரி பாகங்கள். லாண்டெரானுக்குப் புதிய பாகம் செய்வோர் இல்லை. செத்துப்போன இன்னொரு லாண்டெரானிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த பாகமும் தேய்ந்ததாகவே இருக்கும். வால்ஜூ 7750 என்ற தானியங்கி இயந்திரத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. எட்மண்ட் காப்ட் வடிவமைத்து 1970களின் நடுவில் சந்தைக்கு வந்த அது இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. அதன் அமைப்பையே பின்பற்றிச் செல்லிட்டா நிறுவனமும் ஒன்று செய்கிறது. ஆனால் அது தடிமனானது. ஆசிரியர் விரும்பும் மெல்லிய பழைய தோற்றம் அதில் வாராது.

எனவே என் கருத்து இதுதான். முதல் குரோனோகிராபாகச் சீகல் இயந்திரத்தையே வாங்குங்கள். அது போலி அல்ல. சுவிஸ் வீனஸ் 175 இயந்திரத்துக்கான கருவிகளைச் சீனா 1961இல் விலைக்கு வாங்கி, தன் விமானப்படைக்காகத் தியான்ஜின் நகரத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கியதன் நேர்வாரிசு அது. இன்று எஸ்டி 19 என்று வழங்கும் அந்த இயந்திரத்தில், பொத்தான்களின் கட்டளையைத் தாங்குவது தூண்கள் எழுப்பிய சிறு சக்கரம். விலை உயர்ந்த சுவிஸ் கடிகாரங்களில் இருக்கும் அதே அமைப்பு. மணிக்கு 21,600 துடிப்பு. சாவி கொடுத்தால் ஒன்றரை நாளுக்கு மேல் ஓடும். திறந்து பார்ப்பவனுக்கு அது பழைய வீனஸ். பாகம் கேட்டால் புதிதாகக் கிடைக்கிறது. மிகவும் கெட்டுப்போனால் இயந்திரம் முழுவதையுமே மாற்றிவிடலாம். பழைய லாண்டெரானை முறையாகச் சர்வீஸ் செய்ய ஆகும் செலவே அதை வாங்கிய விலையை எட்டிவிடக்கூடும் என்பதை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.


கியூர்பிப் வாசகி:

வணக்கம். நான் செவிலியாகப் பணிபுரிகிறேன். கடிகாரத்தின் அளவைப் பற்றியும் ஈரத்தைப் பற்றியும் யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் ஊர் மேட்டு நிலத்தில் இருக்கிறது. மழையும் மூடுபனியும் ஆண்டில் பெரும்பகுதி எங்களோடேயே இருக்கும். அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும் ஊரில், ரப்பர் வளையம் கெட்டுப்போன பழைய பொத்தான்களுள்ள கடிகாரம் என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பாருங்கள். நான் வைத்திருக்கும் பழைய குரோனோகிராபின் முகப்பில், நிமிடக் கோடுகளின் ஓரமாகச் சிறிய கரும்புள்ளிகள் எழுந்து, பின்பு வெள்ளிப் பூச்சு உரியத் தொடங்கியது. இப்போது அதைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்திருக்கிறேன். பைகள் நிறம் மாறியதும் அடுப்புச் சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடுகிறேன். பிளிக் ஆன் பிளாக் கடற்கரையில் வசிப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்கிறது. பித்தளையின் மேல் குரோமியம் பூசிய பழைய உறைகள், பட்டை மாட்டும், வியர்வை படும் காதுப் பகுதியில்தான் முதலில் அரிக்கும். எனவே பழையதை வாங்குகிறவர்கள் உறை முழுவதும் துருப்பிடிக்காத எஃகா, அல்லது பின்மூடி மட்டும்தான் எஃகா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பின்மூடியில் மட்டும் எஃகு என்று பொறித்திருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

அளவைப் பொறுத்தவரை, சீகல் 1963 கடிகாரம் 38 மில்லிமீட்டரிலும் 42 மில்லிமீட்டரிலும் வருகிறது. பழைய கால அளவு 38க்கு நெருக்கமானது. மெலிந்த மணிக்கட்டுடையவர்கள், ஆணாயினும் பெண்ணாயினும், விட்டத்தை மட்டும் பார்க்காமல் பட்டை மாட்டும் காதுகளின் மேல் நுனியிலிருந்து கீழ் நுனி வரையுள்ள நீளத்தைப் பார்க்க வேண்டும். அந்த நீளம் மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டினால் கடிகாரம் கைமீது அமராது, தூக்கிக்கொண்டு நிற்கும்.

முகப்பின் விளிம்பில் அச்சிடும் அளவுகோல்களைப் பற்றியும் ஆசிரியர் யோசிக்கலாம். வாகன வேகத்தை அளக்கும் டாக்கிமீட்டர்தான் பெரும்பாலும் இருக்கும்: ஒரு கிலோமீட்டரைக் கடக்க 36 நொடி ஆனால் முள் 100ஐக் காட்டும். டெலிமீட்டர் இருந்தால் மின்னலைக் கண்டதும் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்த வேண்டும்; 3 நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். சூறாவளிக் காலத்தில் என் பிள்ளைகள் இதை ஆசையோடு செய்கிறார்கள். எனக்குப் பிடித்தது நாடித்துடிப்பு அளவுகோல். 30 துடிப்புக்கு என்று வகுத்த முகப்பில், எண்ணத் தொடங்கும்போது மேல் பொத்தானை அழுத்தி, 30ஆம் துடிப்பில் நிறுத்தினால், நிமிடத்துக்கு எத்தனை என்பதை முள்ளே காட்டிவிடும், பெருக்கல் வேண்டியதில்லை. 15 துடிப்புக்கு வகுத்தவையும் உண்டு. எது என்று முகப்பிலேயே எழுதியிருக்கும். கைச்சுத்தத்துக்காக நோயாளியைத் தொடும்போது நான் கைக்கடிகாரம் கட்டுவதில்லை. மார்பில் குத்தும் கடிகாரத்தைத்தான் பயன்படுத்துகிறேன். வீட்டில் மாமியாருக்கு நாடி பார்க்கும்போது இந்தக் கைக்கடிகாரம்தான்.


சென் தெனி வாசகர்:

ரியூனியனிலிருந்து வணக்கம். நான் மெக்காகுவார்ட்ஸ் வைத்திருப்பவன் என்பதால் மூன்றாவது வழிக்காகச் சில சொற்கள். சீகோவின் விகே 63, விகே 64 என்ற இயந்திரங்களில் நேரம் காட்டுவது குவார்ட்ஸ். பொத்தான்களின் வேலை மட்டும் இயந்திர முறையில் நடக்கிறது. நடு முள் நொடிக்கு ஒரு முறை தாவாமல், நொடிக்கு ஐந்து அடியாக நகர்கிறது. பூச்சியத்துக்குத் திரும்பும்போது பழைய கடிகாரத்தைப் போலவே ஒரே சொடுக்கில் திரும்புகிறது. பேட்டரி ஏறத்தாழ மூன்று ஆண்டு வரும். சர்வீஸ் என்ற கவலையே இல்லை. அன்றாடம் கட்டிக்கொண்டு வகுப்பறைக்கும் கடைத்தெருவுக்கும் போகிறவருக்கு இது போதுமானது என்பது என் கருத்து.

இனி எனக்கும் ஓர் உதவி வேண்டும். என் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் விட்டுச்சென்ற தங்க நிறக் கடிகாரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. முகப்பில் நிறுவனப் பெயர் இல்லை. ‘குரோனோகிராப் சுவிஸ்’ என்று மட்டும் இருக்கிறது. மேல் பொத்தானை அழுத்தினால் முள் ஓடுகிறது. மறுபடி அழுத்தினால் நிற்கவில்லை. இங்குள்ள ஒரு கடையில் காட்டினேன். இயந்திரம் பழுதாகிவிட்டது, மேல் பொத்தானின் நெம்புகோலை மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டார்கள். கொடுக்கலாமா?


போர்ட் லூயி பழுதுபார்ப்பவர்:

தம்பி, பணத்தைக் கொடுக்காதீர்கள். முதலில் கீழ்ப் பொத்தானை ஒரு முறை மென்மையாக அழுத்திப் பாருங்கள். முள் நின்றால், இன்னொரு முறை அழுத்துங்கள். இரண்டாவது அழுத்தலில் பூச்சியத்துக்குத் திரும்பினால் உங்கள் கடிகாரத்தில் எந்தப் பழுதும் இல்லை. லாண்டெரான் 48உம் அதன் குடும்பத்தைச் சேர்ந்த இயந்திரங்களும் அப்படித்தான் வேலை செய்யும்: மேல் பொத்தான் தொடங்குவதற்கு மட்டும், நிறுத்துவதும் திருப்புவதும் கீழ்ப் பொத்தானின் வேலை. பிற்கால இயந்திரங்களில் பழகியவர்களுக்கு இது தெரியாததால், நலமாக இருக்கும் கடிகாரத்தைத் திறந்து கெடுத்த கதைகள் நிறைய உண்டு.

‘குரோனோகிராப் சுவிஸ்’ என்ற பெயரில் வந்தவை 1940களிலும் 1950களிலும் துறைமுகக் கடைகளில் கடலோடிகளுக்கும் பயணிகளுக்கும் பரவலாக விற்கப்பட்டவை. பலவற்றின் உறை 18 காரட் தங்கம்தான். ஆனால் மிக மெல்லிய தகட்டை வளைத்து உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்திருப்பார்கள். எடைக்கு விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது. அந்தத் தகடு எளிதில் ஒடுங்கும்; பட்டை மாற்றும்போது காதுகளை நெரிக்காதீர்கள்; மெருகேற்றவே கூடாது.

இன்னும் ஒரு முக்கியமான செய்தி. உங்கள் கடிகாரத்தின் எண்களிலும் முட்களிலும் பழுப்பேறிய ஒளிப்பூச்சு இருந்தால், அது ரேடியமாக இருக்க வாய்ப்பு மிகுதி. 1960களின் தொடக்கம் வரை அதைத்தான் பூசினார்கள். இருட்டில் ஒளிராததால் வீரியம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். ஒளிர்வது ரேடியத்தோடு கலந்த துத்தநாகச் சேர்மம், தீர்ந்துபோனது அதுதான். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். கண்ணாடி மூடியிருக்கும் வரை கட்டிக்கொள்வதில் பெரிய அபாயம் இல்லை. ஆனால் நீங்களே கண்ணாடியைக் கழற்றி முட்களைத் துடைக்கத் துணியாதீர்கள். உதிரும் தூளை மூச்சோடு உள்ளே இழுப்பதுதான் கேடு. பிற்காலத்தில் வந்த டிரிட்டியம் பூச்சு இவ்வளவு அஞ்சத்தக்கதல்ல. 12 ஆண்டுக்குச் சற்று மேல் ஆனதும் அது பாதியாகிவிடும். முகப்பின் அடியில் ‘சுவிஸ்’ என்ற சொல்லின் இருபுறமும் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் அது டிரிட்டியம்.


சென் தெனி வாசகர்:

ஐயா, கீழ்ப் பொத்தானை அழுத்தினேன், நின்றது. மறுபடி அழுத்தினேன், 12க்குத் திரும்பியது. நிமிட முள்ளும் சரியாகத் திரும்பியது. மிக்க நன்றி. கண்ணாடியைத் தொட மாட்டேன்.


டர்பன் சேகரிப்பாளர்:

இந்தக் கடிகாரமே என் வாதத்துக்குச் சான்று என்று சொல்வேன். எழுபது ஆண்டு கடந்தும், முறையான பராமரிப்பு இல்லாமலும், இரண்டு முட்களும் பூச்சியத்துக்குத் திரும்புகின்றன. மெக்காகுவார்ட்ஸ் அவ்வளவு காலம் நிற்குமா? மின்சுற்று போனால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பழுதுபார்ப்பவர் ஐயாவின் கவலையை நான் மறுக்கவில்லை. எங்கள் ஊரிலும் நம்பத்தக்க கைகள் குறைந்துவிட்டன. பெரிய சுவிஸ் நிறுவனங்கள் தனிப் பழுதுபார்ப்போருக்குப் பாகங்கள் தருவதைச் சுருக்கிக்கொண்டதும் உண்மை. ஆயினும் பழையதை யாரும் வாங்காவிட்டால், அதைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள அடுத்த தலைமுறைக்கு என்ன தேவை இருக்கும்? வேலை வந்தால்தானே கை பழகும்.


போர்ட் லூயி பழுதுபார்ப்பவர்:

அந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் நான் ஆசிரியரை மெக்காகுவார்ட்ஸ் பக்கம் அனுப்பாமல் சீகல் பக்கம் அனுப்புகிறேன். இதய வடிவத் தகடும் சுத்தியலும் தூண் சக்கரமும் அதில் இருக்கின்றன. கற்றுக்கொள்ள விரும்பும் ஓர் இளைஞன், கிடைத்தற்கரிய வால்ஜூ 72இல் கைவைத்து ஒரு நெம்புகோலை முறித்துவிடுவதைக் காட்டிலும், மாற்றுப் பாகம் கிடைக்கும் எஸ்டி 19இல் பழகுவது நல்லது. என்னிடம் இப்போது வேலை கற்கும் பையன் அதில்தான் எண்ணெய் இடக் கற்றுக்கொண்டிருக்கிறான். எங்கே இடுவது என்பதைவிட எங்கே இடக்கூடாது என்பதுதான் கடினம். இதய வடிவத் தகட்டின் விளிம்பில் ஒரு துளி கூடினாலும் அது சுத்தியலில் ஒட்டிக்கொண்டு இழுக்கும்.


ரோஸ் ஹில் ஆசிரியர்:

அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. சீகல் 1963ஐ, 38 மில்லிமீட்டர் அளவில், குமிழ்ந்த அக்ரிலிக் கண்ணாடியோடு வாங்க முடிவு செய்துவிட்டேன். டர்பன் நண்பரின் வாதம் என்னை வெகுவாகத் தொட்டது. ஆனால் இந்த ஈரத்தில் பழைய முகப்பு ஒன்று என் பொறுப்பில் கெட்டுப்போவதை நான் விரும்பவில்லை. வரும் பொட்டலத்துக்குச் சுங்கத்தில் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி உண்டு என்பதையும், அது அனுப்பும் கூலியையும் சேர்த்தே கணக்கிடப்படும் என்பதையும் வருவாய் ஆணையத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு ஐயங்கள் உள்ளன. விற்பவர் பலராக இருப்பதால், வந்ததும் நான் எவற்றைச் சோதிக்க வேண்டும்? குரோனோகிராப் முள்ளை எந்நேரமும் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க ஆசையாக இருக்கிறது, அது கெடுதலா?


கியூர்பிப் வாசகி:

அக்ரிலிக் கண்ணாடியில் கீறல் விழும் என்று கவலைப்படாதீர்கள். சிறு கீறல்களைப் பற்பசை தொட்டு மென்துணியால் வட்டமாகத் தேய்த்தால் நீக்கிவிடலாம், நான் செய்துவருகிறேன். மழையில் நனையக் கூடாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். பின்மூடியில் நீர் தாங்கும் அளவாக 3 ஏடிஎம் என்று எழுதியிருந்தாலும், அது கை கழுவும்போது தெறிக்கும் நீருக்குத்தான்.


போர்ட் லூயி பழுதுபார்ப்பவர்:

பொட்டலம் வந்ததும் முழுமையாகச் சாவி கொடுங்கள். இனி சுழலாது என்று விரல் உணரும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். வலிந்து திருகக் கூடாது. பிறகு முட்கள் சரியாக 12இல் நிற்கின்றனவா என்று பாருங்கள். மேல் பொத்தானை அழுத்தி முழுமையாக அரை மணி நேரம் ஓடவிடுங்கள். நடு முள் ஒவ்வொரு சுற்றை முடிக்கும்போதும் நிமிட வட்டத்தின் முள் ஒரு கோடு தாவ வேண்டும். இரண்டு தாவினாலோ, பாதியில் நின்றாலோ திருப்பி அனுப்பிவிடுங்கள். நிறுத்தி, பூச்சியத்துக்குத் திருப்புங்கள். இதைப் பல முறை, முள் வெவ்வேறு இடங்களில் நிற்கும்போது செய்யுங்கள். குறிப்பாக 30ஆம் நொடிக்கு அருகில் நிறுத்தித் திருப்பிப் பாருங்கள், அப்போதுதான் இதயத் தகட்டின் நுனியில் சுத்தியல் விழும். குரோனோகிராப் ஓடாத நிலையில் ஒரு நாள், ஓடும் நிலையில் ஒரு நாள் என்று நேரத்தை ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் இயந்திரத்துக்கு எண்ணெய் போதாமல் இருக்கலாம்.

எந்நேரமும் ஓடவிடுவதைத் தவிருங்கள். உடனே கெட்டுவிடாது, ஆனால் பல்லோடு பல் சேரும் இந்த அமைப்பில் கூடுதல் சக்கரங்களை இழுக்கும் சுமை முதன்மை இயந்திரத்தின் மேல் விழுகிறது, ஊசல் சக்கரத்தின் வீச்சு குறைகிறது, தேய்மானமும் கூடுகிறது. பந்தயத்துக்கும் சமையலுக்கும் பிள்ளைகளின் தேர்வுக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முடிந்ததும் நிறுத்தித் திருப்பி வையுங்கள். முள் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப் பொத்தானை மட்டும் எக்காரணம் கொண்டும் வலிந்து அழுத்தக் கூடாது. அப்படி அழுத்தலாம் என்று வடிவமைத்தவை ஃபிளைபேக் என்னும் தனி வகை, உங்களுடையது அதுவல்ல. நான்கைந்து ஆண்டு கழித்து, அல்லது அதற்குமுன் நேரம் தவறத் தொடங்கினால், என்னிடம் கொண்டுவாருங்கள். நான் இல்லாவிட்டாலும் அந்தப் பையன் இருப்பான். அதற்குள் அவன் இந்த இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கும் அளவுக்குத் தேறியிருப்பான்.